நாலு விரல் கை

கோவில்பட்டி கார்த்திகேசனுக்கு ஆறு கைகள். இரண்டு பெற்றவள் கொடுத்தவை, மீதி நான்கும் அவனாகச் செய்துகொண்டவை. பெற்றவளுக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. "நான் குடுத்த ரெண்டையும் வச்சு ஒரு குடம் தண்ணி தூக்க மாட்டேங்கான், இவனுக்கு இன்னும் நாலு கேக்குதாக்கும்" என்று உமாராணி பக்கத்து வீட்டில் சொன்னது அவன் காதிலும் விழுந்தது. அவன் கண்டுகொள்ளவில்லை. அப்போது அவன் நான்காவது கைக்கு நகம் ஒட்டிக்கொண்டிருந்தான்.

பகலில் ஆப்செட் அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து தீப்பெட்டி லேபிள் வரைவது அவன் பிழைப்பு. சாயங்காலமானால் வீட்டுக் கம்ப்யூட்டரில் விளையாட்டு. இருபத்தொன்பது வயதாகியும் பொம்மை வாங்குகிறவன். பாத்திரம் அடுக்க என்று அம்மா ஆசைப்பட்டுச் செய்த கண்ணாடி அலமாரியில், வாங்கிய பெட்டி பிரிக்காமலே வரிசையாக நின்றன அவனுடைய வீரர்களும் அரக்கர்களும் யந்திர மனிதர்களும். பிரித்தால் மதிப்பு போய்விடுமாம். "வெளையாடவும் மாட்டான், வெளையாட விடவும் மாட்டான்" என்பாள் உமாராணி. இந்த நவராத்திரியில் எதிர்வீட்டு அம்மாள் வந்து அலமாரியைப் பார்த்து, "கொலு வச்சிருக்கியளா?" என்று கேட்டுவிட்டாள். இல்லை என்று சொல்லி மகனைப் பற்றி விளக்குவதைவிட, ஆமாம் என்று சொல்லிச் சுண்டல் கொடுப்பது உமாராணிக்கு எளிதாக இருந்தது.

அந்த நான்கு கைகள் ஜோர்வாக்குக்காகச் செய்தவை. ஜோர்வாக் என்பவன் கார்த்திகேசன் ஆடும் விளையாட்டில் ஒன்பதாம் கட்டத்தைக் காவல் காக்கும் அரக்கன். கருநீல முகம், கோரைப்பல், இடுப்பில் மண்டையோட்டுச் சரம், ஆறு கை. அதில் இடது கீழ்க் கைக்கு மட்டும் நாலே விரல். ஐந்தாவதை எந்தக் காலத்திலோ ஒரு வீரன் வெட்டிவிட்டான் என்று விளையாட்டுக்குள் ஒரு கதை வருகிறது. எட்டுக் கட்டம் தாண்டி வந்தவர்களுக்குத்தான் அவன் முகமே தெரியும். வந்தவர்களில் பாதிப் பேர் அந்த நாலு விரல் கையிடம் அடி வாங்கி அங்கேயே நின்றுவிடுவார்கள்.

கார்த்திகேசன் ஏழு மாதமாக அந்த அரக்கனைக் கட்டினான். ஃபோம் ஷீட்டை வெட்டி, பிவிசி குழாயில் கோத்து, சைக்கிள் பிரேக் கம்பி கட்டி, முதுகில் மாட்டிக்கொள்ளும் சட்டமாகச் செய்தான். தன் நிஜக் கையை அசைத்தால் மற்றவையும் கூடவே அசையும். இத்தனையும் எதற்கென்றால், திருநெல்வேலியில் ஒரு கல்யாண மண்டபத்தில் விஜயதசமி அன்று ரசிகர் மாநாடு கூட்டுகிறார்கள். பொம்மைக் கடைகள், காமிக்ஸ் கடைகள், விளையாட்டுப் போட்டிகள், நான்கு மணிக்கு வேடப் போட்டி. நெல்லைப் பக்கம் இப்படி ஒன்று நடப்பது இதுதான் முதல் தடவை.

பரிசு கிடைக்கும் என்று அவன் போகவில்லை. அவனுக்கு வேண்டியது வேறு. ஜோர்வாக்கைப் பற்றிப் பேச அவனுக்கு இருந்த ஆட்கள் எல்லாம் இணையத்தில் இருந்தார்கள், ஒருவன் போலந்தில், ஒருவன் பிரேசிலில். கோவில்பட்டியில் யாரிடமாவது சொன்னால், "அப்படியா, சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டார்கள். ஒரே ஒரு ஆள், கண்ணால் பார்த்த மாத்திரத்தில், யாரும் சொல்லித் தராமல், 'ஜோர்வாக்' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை. கேட்க அற்பமாகத்தான் இருக்கும், ஆனால் அந்த ஆசை இருக்கிறவனுக்கு ராத்திரி தூக்கம் வராது.

விஜயதசமி விடிந்தது. முகத்துக்கும் கழுத்துக்கும் நீலம் பூசி, கோரைப்பல்லைப் பல்செட்டுப் பசையால் ஒட்டி, உமாராணி முணுமுணுத்துக்கொண்டே முதுகுச் சட்டத்தின் வார்களை இறுக்கிக் கட்டி முடித்தபோது, லோடு ஆட்டோவில் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருந்த சீனியிடமிருந்து போன் வந்தது. வண்டி தசரா குழுவோடு போய்விட்டதாம், மன்னிக்க வேண்டுமாம். சட்டத்தைக் கழற்றினால் மறுபடி மாட்ட மதியம் ஆகிவிடும். பல்லைக் கழற்றினால் பசை பிடிக்காது. வேறு வழியில்லை, பஸ்தான்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தென்பாண்டிச் சீமையில் தசரா என்றால் குலசேகரன்பட்டினம். முத்தாரம்மனுக்கு வேண்டிக்கொண்டவர்கள் மாலை போட்டு விரதமிருந்து, காளியாகவும் குரங்காகவும் போலீஸாகவும் ராஜாவாகவும் வேஷம் கட்டி, ஊர் ஊராகக் காணிக்கை வாங்கி, பத்தாம் நாள் கோவிலில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். அன்று ராத்திரி அம்மன் மகிஷாசுரனைக் கொல்லக் கடற்கரைக்குப் புறப்படுவாள். அந்தப் பத்தாம் நாளில், நீல முகமும் கோரைப்பல்லும் மண்டையோட்டுச் சரமும் ஆறு கையுமாக ஒருவன் பஸ் ஸ்டாண்டில் நின்றால் ஊர் என்ன நினைக்கும் என்பது கோவில்பட்டியில் கைப்பிள்ளைக்கும் தெரியும். கார்த்திகேசனுக்கு மட்டும் தோன்றவில்லை. ஏழு மாதமாக அவன் அந்த நீலம் திரையில் இருக்கிற நீலம்தானா என்ற கவலையிலேயே இருந்துவிட்டான்.

முதலில் பூக்காரி வந்தாள். ஒரு செவ்வந்தி மாலையை அவன் கழுத்தில் போட்டு, "நல்லபடியாப் போயிட்டு வாங்க சாமி" என்றாள். கார்த்திகேசன் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். கோரைப்பல்லுக்கு இடையில் வெளியே வந்தது உறுமல் மாதிரி இருந்தது. சுற்றி நின்ற நான்கைந்து பேர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவன் பயந்து வாயை மூடிக்கொண்டான்.

"மௌன விரதம் போல" என்றார் ஒருவர்.

"இந்தக் காலத்துல யாரு இப்படி இருக்கா" என்று மெச்சினார் இன்னொருவர். மெச்சியவரே அவன் காலைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். "ஆனா பூட்ஸப் போட்டுட்டா அம்மனுக்கு வேசம் கட்டுதது? வெறுங்காலோட நடக்கணும்லா."

நகம் வைத்த அந்தப் பூட்ஸ் ஜோர்வாக்கின் கால். அதற்கு அவன் தனியாக மூன்று வாரம் செலவழித்திருந்தான். வாயைத் திறக்க முடியாமல் அந்தப் பெரியவரை முறைத்தான். அவரும் சற்று நகர்ந்துகொண்டார்.

பஸ்ஸில் இரண்டு பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். ஆறு கைக்கு அந்த இடம் வேண்டியும் இருந்தது. யாரோ ஒரு அம்மாள் அவனுடைய நெற்றியில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் குங்குமம் வைத்தாள். கண்டக்டர் டிக்கெட் கிழிக்காமலே தாண்டிப் போனார், போனவர் திரும்பி வந்து இடது கீழ்க் கையைப் பிடித்துப் பார்த்தார். "எல்லாம் ரொம்ப லெச்சணமாச் செஞ்சிருக்கிய. ஒரு விரல் மட்டும் விட்டுப்போச்சே."

கார்த்திகேசன் கண்ணை மூடிக்கொண்டான். பஸ் முழுக்க அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டது.

இடைசெவலில் ஏறியவள் வெயிலுகந்தம்மாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், ஆட்டு மந்தையிலிருந்து நேராக வந்தவள் என்று சேலை வாசமே சொன்னது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவன் பக்கத்தில் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் அவனை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, அக்கம்பக்கத்தில் யாரும் இல்லாதது மாதிரி பேச ஆரம்பித்தாள்.

"சாமி, எங்க வீட்டுக்காரவியளுக்குக் கண்ணுல பொர விழுந்து ஒண்ணுந் தெரியாமக் கெடந்தாவ. ஆப்ரேசன் பண்ணுனா வந்தாலும் வரும் வராட்டாலும் இல்லன்னு சொல்லிட்டாவ. நான் அம்மன்கிட்ட கேட்டேன். வந்துருச்சு. நேத்துக் கெடையில நிண்ணு, நாலாவது ஆடு நொண்டுதுன்னு அவியளே சொன்னாவ பாத்துக்கிடுங்க." அவள் குரல் இறங்கியது. "நானே வந்து கண்மலர் சாத்துறதாத்தான் வேண்டுதல். நேத்துலேருந்து ஆடு வரிசையாக் குட்டி போடுது. விட்டுட்டு அம்புட்டுத் தூரம் வர முடியல, ஆட்டுக்கு மருந்து வாங்கக் கயத்தாறு வரைக்குந்தான் போறேன். வெயிலுகந்தம்மா பேரச் சொல்லி நீங்க சேத்துருங்க. அம்மன் சூரனைக் கொல்லக் கடக்கரைக்குக் கெளம்புததுக்கு முன்ன சேத்துரணும், என்னா."

முந்தானையிலிருந்து ஒரு சின்ன மஞ்சள் துணி முடிச்சை எடுத்தாள். ஆறு கையில் எதில் கொடுப்பது என்று ஒரு கணம் யோசித்தாள். பிறகு, அந்த நாலு விரல் கை பாவப்பட்ட கை என்று நினைத்தாளோ என்னவோ, அதன் விரலிடுக்கில் முடிச்சை வைத்துத் துணியின் வாலால் சுற்றி இறுக்கிக் கட்டினாள். கார்த்திகேசன் தலையை இடமும் வலமும் ஆட்டினான். தென்பக்கத்தில் அப்படி ஆட்டினால் சம்மதம் என்றும் ஒரு பொருள் உண்டு, அது யாருக்குத்தான் தெரியாது? "சந்தோசம் சாமி" என்று சொல்லிவிட்டு அவள் கயத்தாறில் இறங்கிப் போனாள். ஜன்னல் வழியாக அவன் பார்த்தபோது அவள் திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடந்துகொண்டிருந்தாள், காரியம் முடிந்த நிம்மதி அந்த நடையில் இருந்தது.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் கார்த்திகேசனுக்கு எல்லாம் மறந்துவிட்டது. வழக்கமாகத் தாம்பூலப் பை கொடுக்கும் இடத்தில் பொம்மைக் கடை. அங்கே, இரண்டு வருடமாக அவன் தேடிக்கொண்டிருந்த யந்திர மனிதன் முத்திரை உடையாத பெட்டியில் நின்றுகொண்டிருந்தான். பந்திக் கூடத்தில் நீள மேசைகளைப் போட்டுச் சீட்டு விளையாட்டும் பலகை விளையாட்டும் நடந்தன. பழைய காமிக்ஸைக் கண்ணாடித் தாளில் போட்டு விற்றவர் ஒரு பிரதியைக் கைக்குழந்தை மாதிரி ஏந்தி மோந்து பார்த்தார். தன்னைப் போல இத்தனை பைத்தியங்கள் ஒரே கூரைக்குக் கீழே இருப்பதை அவன் இப்போதுதான் பார்த்தான். இவர்களில் ஒருவனாவது சொல்லுவான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஆறு கையையும் விரித்துக்கொண்டு, கூட்டத்தின் நடுவே மெதுவாக நடந்தான்.

"மச்சி, காளி செமையா இருக்குல" என்றது ஒரு குரல்.

"கரகாட்டம் இருக்காடே?" என்றது இன்னொன்று.

பதிவு மேசையில் பிரித்திகா என்று பெயர் அட்டை குத்திய பெண் அவனை நிமிர்ந்து பார்த்து, மரியாதையாக எழுந்து நின்றாள். "அண்ணாச்சி, சாமி வேஷத்துக்கு இங்க அனுமதி இல்ல. தப்பா நெனச்சுக்கிடாதீங்க, கோயில் பஸ்ஸு பாளையங்கோட்டையில நிக்கும்."

கார்த்திகேசன் ஒரு முடிவுக்கு வந்து கோரைப்பல்லைப் பிடுங்கினான். பசையோடு கொஞ்சம் உதட்டுத் தோலும் வந்தது. "நான் ஜோர்வாக்" என்றான்.

அவள் பதிவைத் தேடிப் பார்த்தாள். பெயர் இருந்தது. "ஆமா, இருக்கு. அது யாருண்ணே?"

"ஒன்பதாம் கட்டத்து ஆளு."

"எதுல?"

அவன் சொன்னான். அவளுக்குத் தெரியவில்லை, பக்கத்து மேசைக்காரர்களைக் கேட்டாள், அவர்களுக்கும் தெரியவில்லை. போனில் படத்தைத் தேடி எடுத்து, படத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். கெட்ட பெண்ணில்லை, உண்மையிலேயே உதவத்தான் நினைத்தாள். "படத்துல மாலை இல்ல, குங்குமம் இல்ல, மஞ்சத்துணி இல்ல. அதையெல்லாம் எடுத்துட்டு வாங்க, சேத்துக்கிடுதேன். அவசரமில்ல, போட்டி ஏழு மணிக்குத் தள்ளிப் போயிருச்சு. சிறப்பு விருந்தினர் வண்டி தசராக் கூட்டத்துல மாட்டிக்கிட்டாம்." பிறகு அவனுடைய இடது கீழ்க் கையைக் காட்டினாள். "வழியில ஒரு விரல் வேற ஒடஞ்சு போச்சு போல. பசை தரட்டா?"

கார்த்திகேசன் கைகழுவும் இடத்துக்குப் போனான். மாலையைக் கழற்றிக் குழாயில் மாட்டினான். குங்குமத்தை அழித்ததில் நெற்றி நீலமும் சேர்ந்து கரைந்தது. கடைசியாக மஞ்சள் முடிச்சை அவிழ்த்தான். உள்ளே ஒரு ஜோடி வெள்ளிக் கண்கள். நகத்தளவுதான் இருந்தன. உள்ளங்கையில் கிடந்து அவனையே பார்த்தன.

அவனுக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. அம்மாவோடு அதைப் பற்றி வாரம் ஒரு சண்டை போடுகிறவன். நாளைக்குக் கூட்டம் குறைந்த பிறகு கொண்டுபோய்ச் சேர்த்தால் என்ன என்று நியாயம் பேசிப் பார்த்தான். அந்தக் கண்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அம்மன் கடற்கரைக்குக் கிளம்புவதற்கு முன் என்று அவள் சொன்னதும், திரும்பிப் பார்க்காமல் நடந்ததும் நினைவுக்கு வந்தன. ஏழு மணிப் போட்டி முடிந்து கிளம்பினால் திருச்செந்தூர் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். பயந்துவிட்டான் என்று சொன்னால் கோபித்துக்கொள்வான், ஆகவே பொறுப்பு வந்துவிட்டது என்று நாம் சொல்லிவைப்போம். முடிச்சை மறுபடி கட்டி, இருந்த கையிலேயே மாட்டிக்கொண்டு, பிரித்திகாவிடம் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்தான். பஸ் பிடிக்கப் பாளையங்கோட்டைக்கு ஆட்டோவில் ஏறும்போது அழுகை வந்தது. ஏழு மாதம், ஆறு கை, ஒரு ஆள்கூட இல்லை.

குலசேகரன்பட்டினத்துக்கு இரண்டு மைலுக்கு முன்பே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். இறங்கியவன் பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். ஐந்து கை சும்மாதான் இருந்தது. வெறுங்காலோடு ரோட்டின் வளைவைத் தாண்டி நிமிர்ந்தபோது அவன் நின்றுவிட்டான்.

கண்ணுக்கெட்டிய தூரம் வரை வேஷம். காளிகள், எலும்புக்கூடுகள், கரடிகள், மூன்று தலை ராஜா, பெண் வேஷத்தில் மீசை எட்டிப்பார்க்கும் ஆண்கள், நிஜப் போலீஸிடம் வழி கேட்கும் பொய்ப் போலீஸ். மேளமும் புழுதியும் கற்பூரமும். தகரத்திலும் தெர்மாகோலிலும் செய்த கிரீடங்களைப் பார்த்துக்கொண்டே போனான். ஒரு காளியின் பதினெட்டுக் கைகள் எப்படி ஒரே சட்டத்தில் நிற்கின்றன என்று பின்னால் போய் எட்டிப் பார்த்தான், அலுமினியக் கம்பி. அடடா, நமக்குத் தோன்றவில்லையே என்று நினைத்தான். இங்கே ஒருவரும் ஒருவரையும் வேடிக்கை பார்க்கவில்லை. ஒரு அனுமார் போகிற போக்கில் அவனுடைய தோள் வாரை இறுக்கிக் கட்டிவிட்டு, கேட்காமலே ஒரு வாழைப்பழமும் கொடுத்துவிட்டுப் போனார்.

கோவிலுக்குள் நெரிந்து நகர்ந்து போய், தன் நிஜக் கையால் முடிச்சைப் பூசாரியிடம் கொடுத்தான். "இடைசெவல் பக்கம் வெயிலுகந்தம்மாள். அவிய வீட்டுக்காரவியளுக்குக் கண்ணு தெரியுது" என்றான். பூசாரி தலையசைத்து வாங்கிக்கொண்டார். அந்த இரண்டு வெள்ளிக் கண்களும் மற்ற நூறு கண்களோடு தட்டில் போய்ச் சேர்ந்தன. வெளியே வந்ததும் காலையிலிருந்து முதல் தடவையாக முதுகுச் சட்டம் கனத்தது. எங்காவது உட்கார்ந்து அதைக் கழற்றிவிட வேண்டும் என்று வார்களைத் தடவினான்.

அப்போது கூட்டம் விலகியது. ஒரு காளி வந்தது. இது விளையாட்டுக் காளி இல்லை, கையில் தீச்சட்டி, இடுப்பில் சலங்கை, முழு விரதம் இருந்து ஒடுங்கிய வயிறு, சிவந்த கண். பெண்கள் காலில் விழுந்தார்கள். காளி யாரையும் பார்க்காமல் நடந்து வந்து, கார்த்திகேசனுக்கு நேர் எதிரே வந்ததும் நின்றது. அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தது. அதன் பார்வை இடது கீழ்க் கையில் இறங்கி அங்கேயே தங்கியது. ஒன்று, இரண்டு என்று உதடு அசைந்தது தெரிந்தது. வேண்டுதல் இல்லாமல் வந்தவன் என்று தெரிந்துபோயிற்று என்று கார்த்திகேசன் நினைத்தான்.

காளி குனிந்து, கரகரத்த குரலில் மெதுவாகக் கேட்டது.

"அண்ணாச்சி, ஜோர்வாக்தானே?"

கார்த்திகேசன் நாலு விரல் கையை உயர்த்திக் காட்டினான். தலையையும் ஆட்டினான்.

"நாலு வெரலப் பாத்ததும் தெரிஞ்சுட்டு. ஒம்பதாங் கட்டத்துலயே நாலு மாசமா நிக்கேன். அந்தக் கையத் தாண்ட முடியல. மாலை போட்டதுலேருந்து வெளையாட்டத் தொடல, ஆனா கனவுல வந்து அடிக்கான் பாத்துக்கிடுங்க." காளி தீச்சட்டியை மறுகைக்கு மாற்றிக்கொண்டது. "பூவனலிங்கம். ஓட்டப்பிடாரந்தான் நமக்கு. எப்படித் தாண்டுனிய?"

ஓட்டப்பிடாரம். போலந்தும் பிரேசிலும் இல்லை, பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். கார்த்திகேசனின் கண்ணிலிருந்து நீர் இறங்கி, மிச்சமிருந்த நீலத்தில் இரண்டு கோடு போட்டது. அதைத் துடைக்க ஆறு கையில் ஒன்றைத் தூக்கவும் அவனுக்குத் தோன்றவில்லை.

"எல்லாரும் அவன் கை ஓங்குனதும் பயந்து பின்னால போவாவ" என்றான். "அதுதான் தப்பு. பின்னால போனாத்தான் அடி விழும். கை ஓங்கும்போது துணிஞ்சு உள்ள போயிரணும். உள்ள போயிட்டா அவனால ஒண்ணும் பண்ண முடியாது."

காளி நெற்றியில் அறைந்துகொண்டது. சலங்கை குலுங்கியது. சுற்றி நின்றவர்கள் மூச்சுக் காட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பெண்ணின் முகம் சட்டென்று மாறியது.

"யாருக்கு வாக்குச் சொல்லுதாவ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"எனக்குத்தாங்க்கா" என்று அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "கை ஓங்கும்போது பின்னால போவக் கூடாதாம்."

கார்த்திகேசன் அவளைத் திருத்தவில்லை. காலையிலிருந்து ஜோர்வாக்கைக் காளி என்று சொன்ன அத்தனை பேரையும் அவன் அப்போதே மன்னித்துவிட்டான். மறுநாள் விரதக் காப்பு அவிழ்த்ததும் பூவனலிங்கம் கோவில்பட்டிக்கு வருவதாகப் பேச்சு. வந்தால் அம்மா அலமாரியைக் காட்டிக் கொலு என்று சுண்டல் கொடுத்துவிடக் கூடாதே என்பது ஒன்றுதான் இப்போது அவன் கவலை.